பெட்டியில் இல்லாத வசனம்

அத்தியாயம் 11

மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மூன்றாவது மாடி. பொன்மணி வீட்டு ஃபிரிட்ஜின் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பார்த்தால் பேக்கரி ரொட்டி மாதிரியே இருக்கும். புது விருந்தாளிகள் சிலர் ஜாம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது ரொட்டி அல்ல. விரல் நீளத்தில், ஐந்தாறு நிறங்களில் நெருக்கி அடுக்கிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குத்தத்த வசனம், அதாவது ஆண்டவர் வாக்குக் கொடுக்கும் ஒரு பைபிள் வரி. புத்தாண்டு ஆராதனையில் சபையார் எல்லோரும் வருஷத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். பொன்மணிக்கு வருஷத்துக்கு ஒன்று காணாது.

அந்த ஃபிரிட்ஜையே அவள் ஜெபித்து ஓர் அட்டை எடுத்த பிறகுதான் வாங்கினாள். கணவர் ராஜசிங்குக்குச் சிறுநீரகக் கல் எடுக்கத் தேதி குறித்ததும் பெட்டியைக் கேட்டுத்தான். மூன்றாவது மாடி வேண்டுமா, லிஃப்ட் இல்லையே, முட்டி என்னாகும் என்று ராஜசிங் இழுத்தபோது ஒரு பச்சை அட்டை வந்து வாயை அடைத்தது. "ஆண்டவர் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்ல" என்பாள். அது உண்மைதான். பெட்டி அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்தப் பெட்டியோடு சேர்த்துத்தான் சென்ற வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். சபை அலுவலகத்தில், பீரோவைத் திறந்து, ஒரு வெற்றுத் தாளைக் கையில் எடுத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

வெற்றுத் தாள் என்றால் முழுக்க வெற்று அல்ல. மேலே சபையின் பெயர் அச்சடித்திருக்கும். கீழே ஆயர் தியோடரின் கையெழுத்து இருக்கும். நடுவில்தான் ஒன்றும் இருக்காது. ஆயர் வெளியூர் போகும்போதெல்லாம் இப்படி மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டுச் சபைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போவார். சபையில் யாராவது இறந்துவிட்டால் கல்லறைக்கு உடனே கடிதம் வேண்டும். சாவு ஆயரின் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. அந்தச் சபையின் முதல் பெண் செயலாளர் பொன்மணி. அந்தத் தாள்கள் தன்னிடம் வந்தபோது அவள் எவ்வளவு பெருமைப்பட்டாள் என்பதை ராஜசிங்கிடம் கேட்டால் சொல்வார்.

மகள் எப்சிபா பிளஸ் டூ முடித்துவிட்டாள். உளவியல் படிக்க வேண்டும், அதுவும் அந்த ஒரு கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்துவிட்டது. பொதுப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் சபை அங்கத்தினர் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் உண்டு. அதற்கு ஆயரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் திடப்படுத்தல் பெற்ற தேதி இருக்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது. குழந்தையில் பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானத்தை, வளர்ந்த பிறகு பிள்ளைகள் பேராயர் முன் நின்று தங்கள் வாயால் உறுதி செய்வது திடப்படுத்தல். இரண்டு வருஷத்துக்கு முன் எப்சியோடு வகுப்புக்குப் போன இருபத்திரண்டு பிள்ளைகளும் வெள்ளை உடையில் முன்னால் போய் முழங்காலிட்டார்கள். எப்சி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். "பேராயர் கேக்குறதுக்கெல்லாம் ஆம்னு சொல்லணும். எனக்குப் பாதி புரியலம்மா. புரியாம எப்படி ஆம்ங்கிறது?" என்று அதற்கு முந்தின நாளே சொல்லியிருந்தாள். செயலாளர் வீட்டுப் பெண் எழுந்து போகாததைச் சபையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கென்று எப்சிக்கு வாங்கிய வெள்ளைப் பட்டுப் புடவை கவர்கூடப் பிரிக்காமல் வீட்டுப் பீரோவின் அடியில் கிடக்கிறது.

ஆகவே பொன்மணி ஜெபித்தாள். அட்டை எடுத்தாள். உனக்கு முன்னால் வாசல் திறந்திருக்கிறது என்று பொருள்படும் வசனம் வந்தது. கல்லூரி வாசலைத் தவிர வேறு எந்த வாசல்? அவள் தாளைக் கம்ப்யூட்டர் பிரிண்டரில் செருகினாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

* * *

ராஜசிங் காலை ஆறரைக்கே பையைத் தூக்கிவிட்டார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷ மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறுகிறவர்.

"இன்னைக்கு ஒரு நாளாவது பொண்ணுகூட வரக் கூடாதா?" என்றாள் பொன்மணி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"தி. நகர்ல சண்முகவேல் அண்ணாச்சி கடையில நாலாவது மாடி திறப்பு. பத்து மணிக்கு நல்ல நேரமாம். நேத்து மட்டும் மூணு போன். வந்து லிஃப்ட் சர்டிபிகேட்ல கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்கன்னு."

"போட்டுட்டு நேரா காலேஜுக்கு வந்துடுங்க. உங்க ஆளுங்க எல்லாம் செக் பண்ணிட்டாங்கல்ல?"

"அவங்க பாத்தாங்க. நான் பாக்கலையே."

அவ்வளவுதான் பேச்சு. ராஜசிங்குக்குப் பெட்டியில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. அவர் தொழிலில் ரோப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும், ஒரு தடவை தானே ஏறி இறங்க வேண்டும்.

செருப்பை மாட்டும்போது, "ஐயா ஊர்ல இல்லையே, லெட்டர் யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இருக்குங்க" என்றாள் பொன்மணி. தோசை கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு எப்சி ஃபைலோடு கீழே இறங்கினாள். கதவைப் பூட்டப் போன பொன்மணி, என்ன நினைத்தாளோ, திரும்ப உள்ளே போய் ரொட்டிப் பெட்டியை எடுத்துக் கைப்பையில் திணிக்கப் பார்த்தாள். பாதிதான் போயிற்று.

எதிர் வீட்டு விசாலாக்ஷி மாமி கிண்ணத்தோடு நின்றிருந்தார். "தயிரும் சக்கரையும். கொழந்தைக்கு ஒரு வாய் குடுத்து அழைச்சுண்டு போ. உங்கவாளுக்கு இதெல்லாம் உண்டோ இல்லையோ, சாப்பிட்டா வயித்துக்கு நல்லதுதானே?"

"குடுங்க மாமி, அவ கீழ போயிட்டா. நானே சாப்பிடுறேன். படபடன்னு இருக்கு."

மாமியின் கண் பெட்டியின்மேல் போயிற்று. "சீட்டு எடுத்துப் பாத்தாச்சா?"

"பாத்துட்டேன் மாமி. வாசல் திறந்திருக்குன்னு வந்தது."

"பேஷ். எங்காத்துலயும் மஹதிக்கு வரன் பாத்தப்போ கோவில்ல பூக்கட்டிப் பாத்தோம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல சிவப்பு. வெள்ளை வந்தா பண்ணலாம். ஆனா சிவப்பு வந்துடுத்து. பையன் அமெரிக்காவாக்கும்! அவ அப்பாவுக்கு மனசே ஆறல. கேக்கறதையும் கேட்டுட்டு, பதில் பிடிக்கலேன்னு சொன்னா நன்னாருக்குமோ? விட்டுட்டோம்." மாமி கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆமா, உங்க பெட்டியில எந்தக் கலர் வந்தா வேண்டாம்னு அர்த்தம்?"

பொன்மணி சிரித்தாள். "எங்களுக்கு அப்படிக் கலர் கணக்கெல்லாம் கிடையாது மாமி."

"அப்போ வேண்டாம்னா எப்படித் தெரிஞ்சுப்பே?"

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. பொன்மணி அவசரமாகப் படியிறங்கினாள்.

* * *

"இன்னாம்மா, லஸ் பக்கம் போனா அவ்ளோதான். மெட்ரோ வேலை நடந்துகினு கீது. உள்ளார பூந்து போயிர்றேன்" என்றார் ஆட்டோக்காரர். கத்திரி வெயில் ஒன்பது மணிக்கே காய்ந்தது. பொன்மணி மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். எப்சி ஃபைலைத் திறந்து மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், போட்டோ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசியில் இருந்த கவரைப் பிரித்தாள்.

படித்தாள். மறுபடி படித்தாள்.

"அம்மா, இதுல நான் திடப்படுத்தல் எடுத்துட்டேன்னு போட்டிருக்கு."

"ம்."

"ஐயா குடுத்தாரா?"

"அவர் கையெழுத்துதானே இருக்கு."

"ஐயா போன ஞாயித்துக்கிழமையே தூத்துக்குடி போயிட்டாரு. இதுல நேத்து தேதி இருக்கு."

பொன்மணி குரலைத் தாழ்த்தினாள். "சும்மா ஒரு சம்பிரதாயம்டி. நீ இந்தச் சபையில பொறந்து வளந்தவ. ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாரம் மட்டம் போட்டதில்ல. உன்ன மாதிரி எத்தன பேரு அங்க இருக்காங்க? நீ சபைப் பிள்ளை இல்லன்னா வேற யாரு? எல்லாம் உண்மை. அந்த ஒரு வரிதான் கொஞ்சம்..."

"அந்த ஒரு வரிக்காகத்தாம்மா அன்னைக்கு நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பொன்மணிக்குச் சமாளிக்கத் தெரியும். திட்டலாம், வாயாடி என்று சொல்லலாம். மெதுவாகச் சொன்னதுக்கு என்ன செய்வது?

"நான் அட்டை எடுத்துப் பாத்துட்டுத்தான் செஞ்சேன் எப்சி."

எப்சி கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டு அம்மாவின் மடியில் வைத்தாள். "நான் இதைக் குடுக்க மாட்டேன். நீங்க குடுத்தா தடுக்கவும் மாட்டேன். ஆனா அவங்க என்னைக் கேட்டா..."

"கேட்டா?"

"என்னால முடியாதும்மா." முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த இடம் அவளுக்கு வேண்டாமென்றா இருக்கிறது? மூன்று வருஷமாக அந்தக் கல்லூரி மரத்தடியின் படத்தைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள்.

"இன்னா, பேப்பர்ல எதுனா மிஸ்டேக்கா?" ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "கவலப்படாதீங்கோ. அங்க வாட்ச்மேன் நம்ம தோஸ்துதான். சொல்லி வுடட்டா?"

"வேண்டாம்ப்பா. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பொன்மணி.

* * *

டோக்கன் எண் இருபத்தேழு. பதினான்குதான் போய்க்கொண்டிருந்தது. எப்சி தோழி ஒருத்தியைப் பார்த்து எழுந்து போனாள். பொன்மணி சுவரோர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கைப்பையிலிருந்து பெட்டி பாதி எட்டிப் பார்த்தது. அவள் கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, பிள்ளை இப்படிச் சொல்லுது. கடிதத்தைக் குடுக்கட்டுமா? நீரே சொல்லும்' என்று கேட்டு ஓர் அட்டையை உருவினாள். ரோஸ் நிறம். உன்னை ஆசீர்வதிப்பேன் என்று இருந்தது.

மனசு நிம்மதியாகவில்லை. விசாலாக்ஷி மாமி கேட்டது காதுக்குள்ளேயே நின்றது. அவள் இப்போது கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். 'கடிதத்தைக் குடுக்காம இருக்கட்டுமா?' மஞ்சள் அட்டை வந்தது. நீ போகிற இடமெல்லாம் உன்னோடு இருப்பேன்.

குடுக்கவா என்றாலும் ஆசீர்வாதம். குடுக்காமல் இருக்கவா என்றாலும் ஆசீர்வாதம்.

பொன்மணி பெட்டியை மடியில் கவிழ்த்துக் கொட்டினாள். நூற்றைம்பது அட்டைகளுக்குக் குறையாது. சேலையெல்லாம் கலர் கலராகச் சிதறின. பக்கத்து நாற்காலிப் பெண், "என்னக்கா, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். பொன்மணிக்கு அது காதில் விழவே இல்லை. ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பெலன் தருவேன். பயப்படாதே. நிறைவாக்குவேன். உயர்த்துவேன். காப்பேன்.

கூடாது என்று ஓர் அட்டை இல்லை. பொறு என்று ஓர் அட்டை இல்லை. செய்ததை ஒத்துக்கொள் என்று ஓர் அட்டை இல்லை.

வேதத்தில் இல்லாமலா போயிற்று? ஞாயிறு பள்ளியில் பதினைந்து வருஷம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பத்துக் கற்பனைகளையும், அதாவது ஆண்டவரின் பத்துக் கட்டளைகளையும், ஒப்பிக்க வைத்தவள் இவள். பொய்ச்சாட்சி கூடாது என்பதில் தடுக்கி விழுந்த பிள்ளையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னவளும் இவள்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு இனிப்பாக இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள். விற்றவர்களைச் சொல்லி என்ன? கூடாது என்று எழுதிய அட்டையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பதினெட்டு வருஷமாக, ஆமாம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாத பெட்டியிடம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வசனத்தில் குறையில்லை. ராஜசிங்கிடம்கூடச் சொல்லாமல் அந்தத் தாளைப் பிரிண்டரில் செருகினாளே, அது ஏன் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் பெட்டியே தேவைப்பட்டிருக்காது. ராஜசிங்காக இருந்தால் கேட்டிருப்பார். ரோப்பைத் தொடாமல் கையெழுத்துப் போடுகிற மனுஷன் அல்ல அவர். அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை இது. புரியாமல் ஆம் என்று சொல்லாத பிள்ளை.

அதை நினைத்ததும் பொன்மணிக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் பாதி, மகளை நினைத்துப் பாதி. இரண்டு வருஷமாகச் சபையில் தலை குனிந்து நடந்தாளே, எதற்காக? அன்றைக்கே நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும்.

அட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டாள். மூக்கைத் துடைத்தாள். "இருபத்தேழு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எப்சி தோழியை விட்டு ஓடி வந்தாள்.

* * *

மேஜைக்குப் பின்னால் சந்திரிகா என்று பெயர்ப்பலகை இருந்தது. பேராசிரியை, காலையிலிருந்து பெற்றோர்களைப் பார்த்துக் களைத்த முகம். "சபை ஒதுக்கீடுன்னு டிக் பண்ணியிருக்கீங்க. ஆயர் லெட்டர் எங்கம்மா?"

எப்சி நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மணி எழுந்து நின்றாள். எழ வேண்டிய அவசியம் இல்லை. உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை.

"லெட்டர் இருக்கு மேடம். ஆனா குடுக்க மாட்டேன். என் பொண்ணு இன்னும் திடப்படுத்தல் எடுக்கல. எடுத்துட்டான்னு நானே எழுதிக் கொண்டாந்தேன். அவசரத்துக்குன்னு எங்க ஆயர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்த தாள். அவருக்கு இது தெரியாது. இவளுக்கும் வழியிலதான் தெரிஞ்சது. இதைக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா."

பின்னால் காத்திருந்தவர்களின் வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று. சந்திரிகா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"லெட்டர் இல்லைன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே? இவ்வளவு சொல்லணும்னு இல்லையே?"

"சொல்லியிருக்கலாம். ஆனா அன்னைக்கு இவ அத்தன பேரு பாக்க பெஞ்சுல உக்காந்திருந்தா மேடம். நான் வெக்கப்பட்டேன். இன்னைக்கு நான் மட்டும் ஒளிஞ்சுக்கிட்டா சரியா வராது."

மேடம் எப்சியைப் பார்த்தார். "ஏன் எடுக்கலை?"

"புரியாம ஆம்னு சொல்ல முடியல மேடம்." எப்சி நிமிர்ந்தாள். "இப்போ அந்தப் பாடத்தைத் திரும்பவும் படிச்சிட்டிருக்கேன். புரிஞ்சப்புறம் சொல்வேன்."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தில் டிக் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். "பொதுப் பட்டியலுக்கு மாத்துறேன். காத்திருப்பு வரிசையில நாப்பத்தொண்ணு. உண்மையைச் சொல்லிடறேன், போன வருஷம் பதினாறோட நின்னுடுச்சு."

"சரி மேடம்" என்றாள் எப்சி.

பொன்மணி மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு அந்த வரிசையைத் தாண்டி வெளியே வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. இவள் என் பொண்ணு என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லிவிட்டுப் போகலாம் போலவும் இருந்தது.

* * *

வராந்தாவில் ஒரு தூணோரம் நின்று ஆயருக்குப் போன் செய்தாள். "ஸ்தோத்திரம் ஐயா" என்று தொடங்கி, நிறுத்தாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். ஆயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேசினார்.

"அந்தத் தாளை வச்சு நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நெனைக்கலம்மா."

"நானும் நெனைக்கல ஐயா."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டியக் கூட்டுறேன். நீங்க செஞ்சதை நீங்களே சொல்லுங்க. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சது என் தப்பு. அதை நான் சொல்றேன்." பிறகு கேட்டார், "எப்சி எப்படி இருக்கா?"

"அழலை ஐயா."

"ம். அவகிட்ட நான் பேசணும்னு சொல்லுங்க."

போனை வைத்தபோது செயலாளர் பதவி கையைவிட்டுப் போய்விட்டதாகவே பொன்மணிக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருஷம் காபி போட்டு, நாற்காலி அடுக்கி, அறிக்கை எழுதிக் கிடைத்த பதவி. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும்.

தூணுக்கு அந்தப் பக்கம் எப்சி போனில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அம்மா அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

"கிடைக்கலப்பா. நாப்பத்தொண்ணு... இல்லப்பா, அது பரவால்ல. நீங்க இருந்திருக்கணும்பா! அம்மா எழுந்து நின்னாங்க. பின்னாடி முப்பது பேரு. எல்லார் முன்னாடியும், இது பொய், நான்தான் எழுதுனேன்னு சொன்னாங்கப்பா. அந்த மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. யாருப்பா அப்படிச் சொல்வாங்க? எங்கம்மா சொன்னாங்க."

பொன்மணி தூணில் சாய்ந்துகொண்டாள். முதல் பெண் செயலாளர் என்று சபையில் பெயர் வாசித்த அன்றுகூட அவளுக்கு நெஞ்சு இப்படி விம்மியதில்லை.

* * *

மாலை ஆறு மணிக்கு ராஜசிங் மூன்று மாடி ஏறி வந்தார். நாலாவது மாடி லிஃப்டில் கதவுப் பூட்டு சரியாக விழவில்லையாம். கையெழுத்துப் போடவில்லை. சண்முகவேல் அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறிப் போய்த்தான் ரிப்பன் வெட்டினாராம். கம்பெனிக்குப் போன் போட்டுப் புகாரும் சொல்லிவிட்டாராம்.

பொன்மணி காலையில் மறைத்ததைத் தன் வாயாலேயே அவரிடம் சொன்னாள். அவர் காபியைக் குடித்து முடித்தார்.

"காலையில நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்களே."

"அதுக்குத்தான் சொல்லியிருக்கலாம்ங்கிறேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "பரவால்ல. கடைசியில பாத்துட்ட."

அவர் வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வராது. இருபது வருஷக் குடித்தனத்தில் பொன்மணிக்கு அது தெரியும். அவளுக்கு அது போதும்.

குடும்ப ஜெபத்துக்குப் பாயை விரித்தார்கள். பெட்டி மறுபடி ஃபிரிட்ஜின் தலைமேல் ஏறியிருந்தது. எப்சி பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை விரல் நீளத்துக்குக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பத்துத் துண்டுகள். பொன்மணி பேனாவை வாங்கித் தன் கையெழுத்தில் பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக எழுதினாள். பொய்ச்சாட்சிக்கு வந்ததும் கை நின்றது. பிறகு எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் அதை எழுதி, எழுந்து போய்ப் பெட்டியில் இருந்த அட்டைகளின் நடுவில் பத்தையும் செருகினாள். அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது எப்சியின் போன் ஒலித்தது. கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி. அவள் உரக்கப் படித்தாள்: "நாளை காலை பத்து மணிக்கு முதல்வரைச் சந்திக்கவும். தாயாருடன் வரவும். இன்று சமர்ப்பிக்காத கடிதத்தையும் எடுத்து வரவும்."

"கடிதத்தை எதுக்குக் கேக்குறாங்க?" என்றார் ராஜசிங். "பிள்ளைக்கு இடம் குடுக்கவா, இல்ல உம்மேல புகார் எழுதவா?"

வாழ்நாளில் முதல்முறையாக ராஜசிங்கே எழுந்து போய் ரொட்டிப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். மனைவிமுன் நீட்டினார். "வேணும்னா ஒண்ணு எடுத்துப் பாரேன்."

பொன்மணி பெட்டியைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"வேண்டாங்க. எது கேட்டாலும் நடந்ததைச் சொல்லப் போறேன். அதுக்கு எதுக்கு அட்டை?" அவள் கடிதத்தைக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "எப்சி, பீரோவுல என் கிறிஸ்துமஸ் பட்டுப் புடவை இருக்கு பாரு, எடுத்து அயர்ன் பண்ணி வை."

"காலேஜுக்கா? பட்டா?"

"ஆமா. தலையில முக்காடு போட்டுக்கிட்டா போகணும்? உன் அம்மான்னு சொல்லிக்கிட்டுப் போறேன்."

எப்சி பீரோவைத் திறந்தாள். அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப் புடவையை எடுக்க, அடியில் கிடந்த வெள்ளைப் புடவையின் கவரை நகர்த்த வேண்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு, அடியில் திரும்பத் தள்ளாமல், மேல் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.